பதிவேட்டில் இல்லாதவர்கள்

பழனி மலைகளில் பிறருக்காக உழைப்பவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதற்குப் பிறகு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கைத்தொழில் கூடம், சுயஉதவிக் குழு, பழங்குடியினர் குடியிருப்பு, காடு வளர்ப்பு என்று ஏதாவது ஒரு தொண்டு இங்கே நடந்துகொண்டே இருக்கிறது. மலைக்குக் கீழே சமவெளியில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் கிராமப் பணியையே ஒரு கல்வியாக வளர்த்தெடுத்தது. இத்தனை உழைப்பின் மீதும் எனக்குப் பெருமதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்: இவற்றால் யாருடைய வாழ்க்கை, எவ்வளவு மாறியது? ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இத்தனை பேருக்குத் தையல் பயிற்சி, இத்தனை வீடுகளுக்கு ஆடு, இத்தனை முகாம்கள், இத்தனை மரக்கன்றுகள் என்று இருக்கும். இவை எல்லாம் கொடுத்தவர் பட்ட பாட்டின் கணக்கு. வாங்கியவர் வாழ்க்கை என்ன ஆனது என்பது வேறொரு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை மட்டும் வைத்து எழுத முடியாது. பெயர் இல்லாதவர்களையும், பெயர் இருந்து பிறகு காணாமல் போனவர்களையும் தேடிப் போனால்தான் எழுத முடியும் என்பதே என் வாதம்.

இந்த மலைக்குச் சொந்தமான ஒரு வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத் தமிழர்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு இராமேசுவரத்தில் வந்து இறங்கியவர்களுக்காக மறுவாழ்வுத் திட்டங்கள் இருந்தன. அவற்றில் மிகப் பலருக்குக் கிடைத்தது சிறு வணிகக் கடன். மூன்று தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பம், மொழி ஒன்று என்றாலும் முன்பின் பழகாத ஓர் ஊரில் கடை போட்டுப் பிழைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கடன் கொடுத்து முடிந்ததும் அலுவலகக் கணக்கில் அந்தக் குடும்பத்துக்கு மறுவாழ்வு அளிக்கப்பட்டுவிட்டது, கோப்பு மூடப்பட்டது.

அந்தக் குடும்பங்கள் எங்கே போயின? கடை நொடித்ததும் தங்களுக்குப் பழகிய குளிரையும் சரிவையும் தேடி நீலகிரிக்குப் போனார்கள். இந்தக் கொடைக்கானலுக்கும் வந்தார்கள். இங்கே தைலமரமும் சீகையும் வெட்டும் வேலை இருந்தது. முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த ஒப்பந்ததாரர்களிடம் அவர்களில் பலர் கடனாளிகளாகி, மீள முடியாமல் கொத்தடிமைகளாகச் சிக்கியது 1980களில் வெளிச்சத்துக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதற்குள் வந்திருந்தது. அது 1976ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே குடும்பம் ஓர் அலுவலகத்தின் ஏட்டில் மறுவாழ்வு பெற்றதாகவும், இந்த மலைச் சரிவில் கொத்தடிமையாகவும் ஒரே காலத்தில் இருக்க முடிந்தது. இரண்டு ஏடுகளையும் ஒருவர் சேர்த்துப் பார்த்திருந்தால், கடன் திட்டம் தோற்கிறது என்று சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரிந்திருக்கும். யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடன் கொடுத்த ஊழியர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையைத்தான் எழுதினார். கடன் கொடுத்தது உண்மை. அந்த உண்மை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதே நம்மைக் கலங்கடிக்க வேண்டும்.

இதே மக்களுக்கென்று 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் ஒன்று தொடங்கியது. பின்னர் அது டான்டீ என்ற கழகமாயிற்று. அங்கே அவர்களுக்குத் தெரிந்த வேலையும், குடியிருக்க வரிசை வீடான லயமும் கிடைத்தன. கடை வைத்தவர்களையும் தோட்டத்தில் சேர்ந்தவர்களையும் பத்து ஆண்டுகள் கழித்து அருகருகே வைத்துப் பார்த்தால் எது உதவி, எது உதவி மாதிரி என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தோட்டத்தில் இடம் கிடைத்தவர்களும் கடன் மட்டும் கிடைத்தவர்களும் தொடக்கத்திலேயே வேறு நிலையில் இருந்திருக்கலாம். உடல் வலு, குடும்பத்தில் வேலை செய்யக்கூடிய ஆட்கள், அதிகாரிகளை அணுகும் வழி ஆகியவற்றில் வேறுபட்டிருக்கலாம். ஒப்பிட்டால் மட்டும் போதாது, ஒப்பிடத் தகுந்தவர்களை ஒப்பிட வேண்டும். மதிப்பீடு என்ற வேலையின் கடினமெல்லாம் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு இந்தக் கடினத்தை நேருக்கு நேர் சந்தித்த இடம் ஒன்று உண்டு. கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1980இல், அதே மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கி உதவியுடன் தொடங்கியது. அதன் அமைப்பு இன்று படித்தாலும் வியக்க வைக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊழியர் மாதந்தோறும் எடை போட்டார். எடை கூடாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் சத்துணவு உருண்டை. எடை ஏறியதும் உணவு நிறுத்தம். கண்காணிப்பு மட்டும் தொடரும். அதாவது சேவையும் அளவீடும் ஒரே கையால் நடந்தன. ஒவ்வொரு தாயும் தன் குழந்தையின் எடைக் கோடு ஏறுகிறதா, சாய்கிறதா என்று அட்டையில் தன் கண்ணால் பார்த்தாள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு திட்டப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்ததாக ஆய்வுகள் கூறின. உலகின் பல நாடுகள் கவனித்த திட்டம் அது.

ஆனால் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப்புறங்களில் இரண்டு வயது முதலே குழந்தைகளுக்குத் தினமும் சோறு கிடைத்தது. இப்போது ஒரு குழந்தையின் எடை ஏறினால் எதனால் ஏறியது? எடை பார்த்துக் கொடுத்த உருண்டையாலா, சத்துணவாலா? அக்கா பள்ளியில் சாப்பிட்டுவிட்டு வந்ததால் வீட்டில் கைக்குழந்தைக்குக் கூடுதலாகக் கிடைத்த கஞ்சியாலா, அல்லது அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்ததாலா? ஊட்டச்சத்துத் திட்டம் நடக்காத ஒன்றியங்களையும் சேர்த்து அளந்ததால்தான் இந்தக் கேள்விக்கு ஓரளவாவது பதில் சொல்ல முடிந்தது; அப்படியும் வாதங்கள் முடிந்தபாடில்லை. திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்று இரண்டே எண்களை எழுதி நடுவில் உள்ள வித்தியாசம் முழுவதையும் தன் சாதனை என்று சொல்லும் அறிக்கை எவ்வளவு பெரிய உரிமை கோருகிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. ஊரில் ஒரு திட்டம் மட்டும் தனியாக நடப்பதில்லை.

அண்மைய சான்று இன்னும் தெளிவானது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது குழந்தைகள் இழந்த கற்றலை மீட்க 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பெருந்தொற்றுக்கு முன்பே அளந்து வைத்த ஊர்கள் என்பதால் இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடிந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. ஒப்பீடு இல்லாமல் இருந்திருந்தால் இந்த மீட்சி முழுவதும் திட்டத்தின் வெற்றி என்று விளம்பரப் பலகைகள் எழுந்திருக்கும். வகுப்புக்குப் போன குழந்தைகளையும் போகாத குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, மீண்டதில் சுமார் 24 சதவீதம்தான் திட்டத்தால் நேர்ந்தது என்று கண்டார்கள். மிச்சம் பள்ளி திறந்ததாலும் ஆசிரியர் உழைப்பாலும் குடும்பங்களின் அக்கறையாலும் வந்திருக்க வேண்டும். இந்த 24 என்ற எண் திட்டத்தைச் சிறுமைப்படுத்தவில்லை. இவ்வளவு குறைந்த செலவில் நான்கில் ஒரு பங்கு மீட்சி கிடைத்தது என்பது பெரிய செய்தி. நம்பத்தகுந்த கால் பங்கு, நம்ப முடியாத முழுப் பங்கைவிட ஏழைக் குழந்தைக்கு அதிகம் உதவும். அடுத்த நிதியாண்டில் எதற்குப் பணம் ஒதுக்குவது என்று அது சொல்லிவிடுகிறது.

இப்போது மலைக்குத் திரும்புவோம். சமவெளியில் வேலை செய்யும் முறைகள் இங்கே ஏறி வரும்போது மூச்சு வாங்குகின்றன. திண்டுக்கல் மாவட்டச் சராசரியில் மலை கரைந்துவிடுகிறது. கொடைக்கானல் வட்டச் சராசரியில் நகரத்தின் விடுதி வருமானம் மற்றவர்களை மறைத்துவிடுகிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் மேல்மலையின் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஒரு வாழ்க்கை; காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் கீழ்மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் இன்னொரு வாழ்க்கை. கணக்கெடுக்க வரும் குழு பஸ் போகும் ஊரில் இறங்குகிறது. நெடுங்காலம் சாலையே இல்லாமல் ஒற்றையடிப் பாதையில் நடந்து சேர வேண்டியிருந்த வெள்ளகவி போன்ற ஊருக்கு யாராவது போனால் அது அபூர்வம். சேவையும் அதே பஸ் தடத்தில்தான் போகிறது என்பதால், சேவை கிடைத்தவர்களிடமே சேவை கிடைத்ததா என்று கேட்டு முடித்துவிடுகிறோம். பிழைகள் சில சமயம் மேலாகவும் சில சமயம் கீழாகவும் விழுந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும். இங்கே அவை எப்போதும் நம்மைப் புகழும் பக்கமாகவே சாய்கின்றன. ஆகவே இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது.

இந்த மலைகளின் பழங்குடியினரான பளியர்களைப் பற்றி நாம் எழுதும் அறிக்கைகளில் இந்தச் சாய்வு இன்னும் ஆழமாகிறது. 1960களில் தென் தமிழக மலைகளில் பளியர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்களிடம் ஒரு பண்பை விரிவாகப் பதிவு செய்தார். ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்துவதை அவர்கள் வெறுக்கிறார்கள். மோதல் வந்தால் எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போய்விடுகிறார்கள். மதிப்பீட்டாளருக்கு இதைவிட முக்கியமான தகவல் இருக்க முடியாது. நம் வழக்கமான அளவுகோல் என்ன? புகார் வரவில்லை, ஆகவே குறை இல்லை. அதிகாரியும் தொண்டு நிறுவனத்தவரும் முன்னால் நிற்க, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்ற பதில் வரும். அதிருப்தி வாயால் வெளிப்படாத சமூகத்தில் அது காலால் வெளிப்படுகிறது. எனவே கட்டிக்கொடுத்த வீட்டில் அடைமழையின்போது ஆள் இருக்கிறார்களா, அல்லது பக்கத்தில் தாங்களே போட்ட குடிசையில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தேனும் கடுக்காயும் சேகரிக்கும் பருவத்தில் உண்டு உறைவிடப் பள்ளியை விட்டுப் போன குழந்தை திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். வராத குழந்தையின் வீட்டுக்குப் போய், பழி சுமத்தாமல், ஏன் என்று கேட்க வேண்டும். அந்தப் பதில்தான் அந்தப் பள்ளியின் உண்மையான மதிப்பெண்.

அன்பை, கண்ணியத்தை, ஒரு விதவையின் தனிமையில் பக்கத்தில் உட்கார்ந்த நேரத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்று இங்கே சிலர் கேட்பீர்கள். எண்ணால் சொல்ல முடியாதவை உண்டு என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிப்பீடு என்றால் எண் மட்டுமே என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையில் எது மாறியது என்று தன் சொற்களில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சொல்வதைக் கவனமாக எழுதி வைப்பதும் மதிப்பீடுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். அளக்க முடியாது என்பதைப் பெரும்பாலும் கொடுக்கும் பக்கத்திலிருந்தே கேட்கிறோம். வாங்கும் பக்கத்தில் இருப்பவர் தினமும் அளந்துகொண்டிருக்கிறார்: வட்டிக்காரர் வருவது நின்றதா, மகன் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிறானா, ஆஸ்பத்திரியில் தன்னை உட்காரச் சொல்கிறார்களா. அவருடைய அளவுகோலைக் கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒப்பீட்டுக்காகச் சிலருக்குச் சேவையை மறுப்பது அறமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. தமிழக அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அரைநேர ஊழியரை நியமித்தார்கள். அந்த மையங்களில் முன்பருவக் கல்விக்கான நேரம் இரு மடங்காயிற்று. குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். மற்ற மையங்களிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. எல்லா மையங்களுக்கும் ஆள் போடப் பணம் இல்லாத நிலையில், யாருக்கு முதலில் என்பதைச் சிபாரிசுக்குப் பதிலாகக் குலுக்கல் முடிவு செய்தது. நம் மலையில் எந்தத் திட்டமும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்ததே இல்லை. எப்படியும் காத்திருக்கப்போகிற ஊர்கள் இருக்கின்றன. அந்தக் காத்திருப்பின் வரிசையை நியாயமாக அமைத்து, காத்திருப்பவர்களின் நிலையையும் குறித்துக்கொண்டால் ஒப்பீடு தானாகக் கிடைக்கும். பட்டினியும் உயிர் ஆபத்தும் உள்ள இடத்தில் இதற்கு இடமில்லை. அங்கே முதலில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து வரும் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பலன் குறைவு என்று ஓர் ஆய்வு சொன்னால், அதைச் சாக்காக வைத்து ஏழைகளின் திட்டத்தை வெட்டிவிடுவார்களே? வெட்டுவார்கள். சில இடங்களில் வெட்டியும் இருக்கிறார்கள். இதற்குப் பதில் அளவீட்டைக் கைவிடுவதில் இல்லை. போதுமான காலம் அளப்பதில் இருக்கிறது. பள்ளி மதிய உணவைப் பற்றி 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறுமிகளாக இருந்தபோது அந்த உணவைச் சாப்பிட்ட பெண்கள் தாய்மாரானபோது, அவர்களுடைய குழந்தைகளின் உயரக் குறைபாடு குறைந்திருந்ததைக் காட்டியது. அடுத்த தலைமுறையின் உயரத்தில் வந்து தெரியும் பலனை எந்த ஆண்டறிக்கை பிடிக்கும்? 1982இல் சத்துணவை வீண் செலவு என்று பழித்தவர்கள் ஓராண்டுக் கணக்கைத்தான் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் பலன் காட்டு என்று கேட்கும் நிதியளிப்பவருக்கு முன்னால் நாம் தலையாட்டும்போது, நம் பணியின் மிகப் பெரிய பலன்களை நாமே கணக்கிலிருந்து அடித்துவிடுகிறோம்.

யார் அளக்கிறார் என்பதும் இந்த ஊருக்குப் புதிய கேள்வி அல்ல. இங்கே இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நிலை குறித்து நிறுவனத் தரப்பு முன்வைத்த ஆய்வுகளும் தொழிலாளர் தரப்பு முன்வைத்த ஆய்வுகளும் எதிரெதிராக நின்றன. 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி தரப்பட்ட தொகை வாழ்வாதாரத்துக்கும் திறன் வளர்ச்சிக்கும் என்று சொல்லப்பட்டது. தான் செய்ததைத் தானே அளப்பவர்மீது மக்கள் ஏன் நம்பிக்கை வைப்பதில்லை என்று கொடைக்கானலுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தொண்டு நிறுவனங்களாகிய நாம் நல்ல நோக்கம் உடையவர்கள் என்பதால் இந்த விதியிலிருந்து விலக்குக் கேட்க முடியாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சட்டப்படியே சமூகத் தணிக்கை இருந்தது. கிராம சபையில் ஏட்டைப் படித்து, வேலை நடந்ததா, கூலி வந்ததா என்று ஊரே சரிபார்த்தது. அந்தத் தணிக்கை 'வந்து சேர்ந்ததா' என்ற கேள்வியோடு நின்றுவிட்டது என்றாலும், படிப்பவர் யார், கேட்பவர் யார் என்ற இடத்தை அது மாற்றி வைத்தது. நம் அறிக்கைகள் நிதி வந்த நாட்டின் மொழியில் எழுதப்பட்டு, நிதி வந்த இடத்துக்கே போகின்றன. அவை தமிழில், பண்ணைக்காட்டிலும் பூம்பாறையிலும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும், தோல்விகளையும் சேர்த்து.

நான்கைந்து ஊழியர்களைக் கொண்ட சிறு அமைப்பு இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது என்பது உண்மை. அதனால் சேர்ந்து செய்யலாம் என்கிறேன். மேல்மலை, கீழ்மலை, நகரத்தின் தொழிலாளர் குடியிருப்புகள், பளியர் குடியிருப்புகள் ஆகிய இடங்களில் சில நூறு குடும்பங்களைப் பொதுவாகத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை அதே குடும்பங்களைப் பார்த்துவரும் ஏற்பாடு ஒன்று இந்த மலைக்கு வேண்டும். காந்திகிராமத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, மாணவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வோர் அமைப்பும் தன் கேள்வியை அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த அமைப்பும் தன் பயனாளிகளைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது. குடும்பங்களின் பெயர்கள் வெளியே போகக் கூடாது. செலவு பெரியதல்ல, ஒரு ஜீப்பின் விலையில் சில ஆண்டுகள் நடத்தலாம் என்று நினைக்கிறேன். கடினமான பகுதி இரண்டாம் ஆண்டில் வரும். முதல் ஆண்டு பார்த்த சில குடும்பங்கள் அப்போது அங்கே இருக்காது. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போயிருக்கும். அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும் ஆசை வரும். தேடிக்கொண்டு ஒருவர் திருப்பூருக்குப் போய்வர வேண்டும். அதற்கான பஸ் கட்டணத்தை முதல் நாள் போடும் பட்ஜெட்டிலேயே எழுதிவிட வேண்டும்.